அண்ணி அளந்த காலி வீடு

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டு வைஃபை நின்றுபோனாலும் எங்கள் வீட்டு மணிதான் அடிக்கும். அண்ணி கதவைத் திறந்தால், வாசலில் ஒருவர் ரூட்டரைக் கோழிக்குஞ்சு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்பார். "நீங்க இதுலதானே பெரிய படிப்பு படிச்சிருக்கீங்க" என்பார். "நான் படிச்சது இது இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே அண்ணி வாங்கிப் பார்ப்பாள். பெரும்பாலும் ஏதாவது ஒரு ஒயர் சரியாகச் சொருகாமல் இருந்திருக்கும். சொருகிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பாள். வந்தவர், இதற்கா இவ்வளவு படிப்பு என்று முகத்தை வைத்துக்கொண்டு படியிறங்குவார்.

அண்ணி படித்தது வேறு. ரூட்டரிலிருந்து கிளம்பும் அலை நேராக ஃபோனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. சுவரில் மோதி, ஃபிரிட்ஜில் பட்டு, பீரோவில் தெறித்து, பல வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. நடுவில் ஒரு ஆள் நடந்தால் அந்த வழிகள் கலைகின்றன. அந்தக் கலைச்சலைப் படித்தே, ஆள் எந்த அறையில் இருக்கிறார், நடக்கிறாரா, உட்கார்ந்தாரா, விழுந்தாரா என்று சொல்லிவிட முடியும். கேமரா வேண்டாம், உடம்பில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில், ஜன்னலில்லாத அறையில், அண்ணிக்கு அதுதான் வேலை.

அவள் இதன் முதல் பாடத்தைக் கற்றது எந்தக் கல்லூரியிலும் இல்லை, அவள் பிறந்த வீட்டு மொட்டை மாடியில். டிவி ஆண்டெனாவைத் திருப்ப வீட்டின் கடைக்குட்டியான அவளை மேலே அனுப்புவார்கள். கீழேயிருந்து அவளுடைய அண்ணன்மார் கத்துவார்கள்: "வரல... வரல... வந்துடுச்சு, அப்படியே நில்லு." கையை எடுத்தால் படம் போய்விடும். பிடித்தால் வரும். ஆகவே ஆட்டம் முடியும்வரை அவள் கம்பியைப் பிடித்தபடி வெயிலில் நின்றாள்.

"அவங்க மேட்ச் பாத்தாங்க. நான் அவங்களுக்கு ஆண்டெனாவா நின்னேன்" என்பாள். "கம்பியில மட்டும் இல்ல, பக்கத்துல நிக்கிற ஆள்லயும் விஷயம் இருக்குன்னு அப்பதான் புரிஞ்சுது. கோவமே அதுக்கப்புறம்தான் வந்துச்சு."

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது வீட்டில் மூன்று ஆண்களும் ஒரு இரும்பு பீரோவும் இருந்தோம். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அலைகளுக்கு இரும்பு ஆகாது என்பதால் அண்ணிக்கும் அந்த பீரோவுக்கும் முதல் நாளே ஒத்துவரவில்லை. நகர்த்தலாமா என்று கேட்டாள். அம்மா வைத்த இடம் என்று அண்ணன் தயங்கினான். "மாமியார் இல்லாத வீடுன்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தாங்க" என்றாள் அண்ணி. அப்பா சிரித்ததை நான் வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருந்தவர், ஆனால் உட்கார்ந்த ஸ்டூலை விட்டு அசைந்ததில்லை. ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது, குலுங்கக் கூடாது, தானாகப் பேசக் கூடாது. இப்படிப் பழகிப் பழகி, சும்மா உட்காருவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தாலும் ஈதான் அலுத்துப்போய் எழுந்து போகும். இப்பேர்ப்பட்டவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. யாராவது இதைச் சொல்லிச் சிரித்தால், "கறிக்கடைக்காரன் வீட்டுல தயிர்சாதம் இருக்கக் கூடாதா" என்பார்.

மாலையானால் இறங்கிப் போய்ப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்காருவார். அங்கே ஓய்வு பெற்ற பிளம்பர் ஒருவரும், எதற்கெடுத்தாலும் வழக்குப் போடப்போவதாகச் சொல்லும் ஒருவரும் அவருக்குக் கூட்டு. எங்களிடம் பேசாததையெல்லாம் அங்கே பேசுவார் என்று நினைக்கிறேன்.

அவர் விழுந்தது ஒரு முற்பகலில். குளியலறை வாசலில் கால் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டு உடைந்து, ஃபோன் எட்டாத இடத்தில் கிடந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்கான அண்ணன் மதியம் சாப்பிட வந்தபோதுதான் பார்த்தான். "எவ்வளவு நேரமாப்பா கிடக்கீங்க" என்று பதறினான். "கடிகாரம் அந்தப் பக்கம் இருக்கு. தெரியல" என்றார் அப்பா.

வேறு ஊரில் இருக்கும் அக்காவுக்குச் சேதி போனது. அக்கா எங்கள் மூவரில் மூத்தவள். அம்மா போனபிறகு அம்மாவின் குரலை அவள் எடுத்துக்கொண்டாள்.

"கேமரா மாட்டுங்க. இல்லன்னா அப்பாவ எங்கிட்ட அனுப்புங்க. ரெண்டுல ஒண்ணு" என்றாள் ஃபோனில்.

"நான் என்ன நகைக்கடையா, கேமரா வைக்க?" என்றார் அப்பா, கையில் கட்டோடு, ஃபோனைப் பார்க்காமலே.

"அப்ப இங்க வாங்க. இங்க லிஃப்ட் இருக்குப்பா."

"இருக்கும். அதுல ஆள் இருக்காரா?"

"ஆள் எதுக்கு? நாமளே அமுக்கிக்க வேண்டியதுதான்."

"அந்த மாதிரி லிஃப்ட்ல நான் ஏற மாட்டேன்."

பேச்சு இப்படியே போனால் எங்கே போய் முடியும் என்று எங்களுக்குத் தெரியும். அக்கா சிரித்துப் பேசுவாள், பிறகு டிக்கெட் எடுத்துவிடுவாள். அப்போது அண்ணி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "அக்கா, எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்களேன். நாங்க லேப்ல செய்யறத வீட்டுல வெச்சுப் பாக்கறேன். மாமா விழுந்தா எங்க ஃபோனுக்குத் தெரிஞ்சுடும். படம் கிடையாது, சத்தம் கிடையாது. மாமாவும் இங்கயே இருக்கலாம்."

அக்கா அரைமனதாக இறங்கிவந்தாள். "பசங்களுக்கு ஸ்கூல் லீவு விட்டதும் வருவேன். வந்து என் கண்ணால பாப்பேன். சரியில்லன்னா கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

அண்ணி சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகளைக் கொண்டுவந்து எல்லா அறை மூலையிலும் ஒட்டினாள். "பல்லி முட்டை மாதிரி இருக்கு" என்றார் அப்பா. ஆனால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது அவர்தான், நல்ல கையால்.

இந்தப் பெட்டிகளுக்கு முதலில் காலி வீட்டைக் காட்ட வேண்டும். யாரும் இல்லாதபோது அலைகள் எப்படிப் போகின்றன என்று தெரிந்தால்தான், பிறகு எது ஆள் என்று தெரியும். ஒருமுறை காட்டினால் போதாது. நாற்காலியை நகர்த்துவோம், துணி காயப்போடுவோம், வீடு தினமும் கொஞ்சம் மாறும். ஆகவே தினமும் ஒரு தடவை பெட்டிகள் காலி வீட்டைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும்படி அண்ணி அமைத்தாள். அதற்குத் தோதாக ஒரு நேரமும் இருந்தது. மாலையில் நாங்கள் வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டோம். அப்பா பூங்காவுக்குப் போயிருப்பார். கட்டு போட்ட கையோடும் போகாமல் இருக்க மாட்டேன் என்றார்.

"மாமா, நீங்க பூங்காவுக்குப் போற நேரத்துலதான் பெட்டி வீட்ட அளக்கும். அப்ப இங்க ஆள் நடமாட்டமே இருக்கக் கூடாது. ஏதாவது அசைஞ்சா அன்னைக்கு முழுக்கக் கெட்டுடும்."

"நான் பாத்துக்கறேம்மா" என்றார் அப்பா.

முதல் வாரமே எங்களுக்குப் பிரமிப்பாக இருந்தது. அண்ணியின் ஃபோனில் வரி வரியாக வரும். சமையலறை, ஒருவர், நடக்கிறார். குளியலறை, ஒருவர். அண்ணன் வேண்டுமென்றே மெத்தையில் பொத்தென்று விழுந்து காட்டினான். 'விழுந்தார்' என்று வந்தது. "ரொம்ப நாளா விழுந்துதான் கிடக்கேன், இப்பதான் உனக்குத் தெரியுதா" என்று அண்ணியிடம் வழிந்தான். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. அப்பா கூடத்தில் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தால் காணாமல் போய்விடுவார். 'கூடம், யாரும் இல்லை' என்று வரும். அண்ணி அலட்டிக்கொள்ளவில்லை. அசையாத ஆளைப் பிடிப்பது இந்தத் துறையிலேயே எல்லோருக்கும் தலைவலி என்றாள். அசையாவிட்டாலும் மூச்சில் மார்பு கொஞ்சம் ஏறி இறங்கும், அந்த அசைவைப் பிடித்துவிட்டால் போதும். பல வாரம் அதிலேயே கிடந்தாள். சாப்பிடும்போதும் மடியில் லேப்டாப். திரையில் அலையலையாகக் கோடுகள். "மூச்சு விடறாரா இல்லையான்னே தெரியல. கொஞ்சம் அசைஞ்சு உக்காருங்களேன் மாமா" என்பாள்.

அதற்குப் பிறகு அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, அவ்வப்போது நினைவு வந்து, மூலைப் பெட்டியைப் பார்த்து நல்ல கையைத் தூக்கி ஆட்டுவார். ரயிலில் போகிறவர்களுக்கு ஆட்டுகிற மாதிரி. மருமகளின் வேலை கெட்டுப்போகக் கூடாது என்று அவருக்கு அவ்வளவு கவலை.

நாங்கள் வீடு திரும்பும்போது அவர் வெளியே போகும் சட்டையில் இருப்பார். "நடை எப்படிப்பா?" என்றால், "இன்னைக்கு நல்ல காத்து" என்பார். அல்லது, "மேகமா இருந்துச்சு, சீக்கிரம் வந்துட்டேன்."

லீவு விட்டது. அக்கா பிள்ளைகளைக் கணவனிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். மறுநாள் அப்பாவுக்குக் கட்டுப் பிரிக்க வேண்டும். அண்ணிக்கு லேபில் வேலை. அண்ணன் அப்பாவைத் தோளில் தாங்கி ஒவ்வொரு படியாக இறக்கினான். அக்கா பின்னால் வந்தாள். எக்ஸ்ரே கவரை நான் எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது அண்ணனின் ஃபோன் அடித்தது. அண்ணிதான். ஸ்பீக்கரில் போட்டான்.

"வீட்டுல யார் இருக்கா?" என்றாள் அண்ணி. குரல் சரியில்லை.

"யாரும் இல்ல. எல்லாரும் இங்கதான்."

"கூடத்துல ஒருத்தர் இருக்கார்னு காட்டுது. மாமா நாற்காலியில. அசையாம உக்காந்திருக்கார்."

அக்கா எழுந்துவிட்டாள். திருடனாக இருந்தால் எதற்கு நாற்காலியில் உட்காருகிறான் என்று யாரும் யோசிக்கவில்லை. எங்கள் எதிர்வீட்டில் ஒரு தையல்கார அம்மா இருக்கிறார், சாவி அவரிடம் உண்டு. அண்ணன் அவரையும் இணைப்பில் சேர்த்தான். இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு கிறீச்சிடுவது இங்கே வராந்தாவில் கேட்டது.

"யாரும் இல்லையேப்பா. நாற்காலியில ஒரு தலகாணி இருக்கு. அதை வேணா அடிக்கவா?"

"நல்லாப் பாருங்கக்கா. இப்ப ரெண்டு பேர்னு காட்டுது" என்றாள் அண்ணி.

"ஒண்ணு நான். இன்னொண்ணு தலகாணியா?"

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன்கூடச் சிரித்தான். "பேய் பிடிக்கவா மாசக்கணக்கா ஆராய்ச்சி பண்ணே" என்றான். அண்ணி மறுபக்கத்தில் ஃபோனை வைத்துவிட்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எதிரே திறந்து மூடிக்கொண்டிருந்த லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அன்று கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இருக்கிற ஆள இல்லங்குது. இல்லாத ஆள இருக்குங்குது. இதை நம்பி அப்பாவ எப்படி விட்டுட்டுப் போறது, நீயே சொல்லும்மா" என்று அண்ணியின் தலையைத் தடவினாள். "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்." அப்பா சட்டைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். கட்டுப் பிரித்த கை மெலிந்து, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது.

அண்ணியின் லேபுக்கு அடுத்த அறையில் ஒளி ஆராய்ச்சிக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒருவரை எல்லோரும் இருட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்புத் திரை போட்ட அறைக்குள் ஒளியை ஒவ்வொரு துகளாக எண்ணுவது அவர் வேலை. மதியச் சாப்பாட்டில் இருவரும் ஒருவரையொருவர் வாருவார்கள். "நீ ஒண்ணொண்ணா எண்ணி முடிக்கிறதுக்குள்ள ரிட்டையர் ஆயிடுவ" என்பாள் அண்ணி. "சுவத்துல முட்டிட்டு வர்றதையெல்லாம் உண்மைன்னு நம்பறவதானே நீ" என்பார் அவர். மறுநாள் அண்ணி டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு இருட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"காலி வீட்ட எப்ப எடுத்த?"

"தினமும் சாயங்காலம். மாமா வெளிய போயிருக்கும்போது."

"நாங்க எதை எண்ணறதுக்கும் முன்னாடி எல்லாத்தையும் மூடிட்டு இருட்ட எண்ணுவோம். வெளிச்சமே இல்லன்னாலும் மிஷின் கொஞ்சம் எண்ணும். அதைக் கழிச்சாதான் மிச்சம் நெசம். அந்த நேரத்துல எங்கயாவது துளி வெளிச்சம் புகுந்துடுச்சுன்னா, அப்புறம் எடுக்கிறதெல்லாம் தப்பு. உன் இருட்டுல ஏதோ புகுந்திருக்கு."

"அப்ப வீட்டுல யாருமே கிடையாது."

"அவர் போனத நீ பாத்தியா?"

அண்ணி சாப்பாட்டு டப்பாவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய், காலி வீடு என்று பெயரிட்டு வைத்திருந்த பதிவுகளைத் திறந்தாள். இதுவரை அவற்றை அவள் உற்றுப் பார்த்ததே இல்லை. காலி வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது? மெல்லப் பெரிதாக்கினாள். தட்டையாக இருக்க வேண்டிய கோட்டில் ஒரு சின்ன ஏற்றம், ஒரு சின்ன இறக்கம். நிதானமாக, சீராக. அக்கா வந்ததற்கு முந்தின நாள் மாலையிலும் அதுதான். அதற்கு முந்தின நாளும். வாரக்கணக்கில் மற்ற நேரமெல்லாம் தேடிக்கொண்டிருந்த மூச்சு இங்கே இருந்தது.

அவர் நாற்காலியில் இருப்பதைத்தான் பெட்டிகள் காலி வீடு என்று கற்றிருந்தன. அதனால்தான் உட்கார்ந்தால் மறைந்தார். அதனால்தான் அவர் இல்லாத வீடு, ஆள் இருக்கும் வீடாகத் தெரிந்தது. அவர் எழுந்து நடமாடிய நேரங்களிலும் கூடத்தில் ஒரு ஆள் கூடுதலாகக் காட்டியிருக்கும், நாலு பேர் இருக்கும் வீட்டில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அண்ணி அன்று சொல்லிக்கொள்ளாமல் சீக்கிரம் கிளம்பிவிட்டாள். அக்கா பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தாள். அண்ணி தன் சாவியால் சத்தமில்லாமல் திறந்தாள். அப்பா நாற்காலியில் இருந்தார். வெளியே போகும் சட்டை. தலை வாரியிருந்தது. கூடத்துக்குள்ளேயே காலில் செருப்பு. கையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி. அவளைக் கண்ணால் பார்த்தார், ஆனால் தலையைத் திருப்பவில்லை. நேரம் முடியவில்லை என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாராம்.

"பரவால்ல மாமா. அசையலாம்" என்று அண்ணி எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நீங்க கீழ போகவே இல்லையா?"

அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார். "போகணும்னுதான் தினமும் கெளம்பறேன். கதவு வரைக்கும் போறேன். படியப் பாத்ததும் கால் நின்னுடுது. வீட்டுக்குள்ள விழுந்தா தரையோட போச்சு. படியில விழுந்தா?" பிறகு, அதுதான் முக்கியம் என்பது போல அவசரமாகச் சொன்னார்: "ஆனா உன் வேலையக் கெடுக்கலம்மா. அந்த நேரத்துல நான் அசையவே இல்ல. மூச்சக்கூட மெதுவாத்தான் விட்டேன்."

அண்ணி இதை எனக்குச் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்திவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். திரும்பி வந்துதான் மிச்சத்தைச் சொன்னாள்.

"அவகிட்ட சொல்லிடாதே. படி எறங்கத் தெரியலன்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவா" என்றாராம்.

"சொல்லாம இருக்க முடியாது மாமா. பெட்டி ஏன் தப்பா சொல்லுச்சுன்னு அக்கா கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. உங்களுக்கு நல்லாவே வருது, காத்து மேகம்னு." அவர் தலை குனிந்தார். "ஆனா இன்னைக்கு எனக்கு நெசமாவே ஒரு காலி வீடு வேணும். அதுக்கு நீங்க வெளிய வந்தாதான் ஆகும். வாங்களேன்."

அன்று நான் வேலை பார்க்கும் புத்தகக் கிடங்கிலிருந்து திரும்பியபோது, படிக்கட்டில் அவர்கள் பேச்சுக் கேட்டது. மேலே ஏறாமல் கீழே மீட்டர் பெட்டிகளின் அருகே நின்றுவிட்டேன். அண்ணி அவருக்கு ஒரு படி கீழே, முதுகைக் காட்டியபடி இறங்கிக்கொண்டிருந்தாள். கையைக் கொடுக்கவில்லை. அவர் ஒரு கையால் கைப்பிடியையும் மற்றக் கையால் அவள் தோள்பையின் வாரையும் பிடித்திருந்தார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்தார். வளைவில் நின்றார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது.

"ரெண்டாவது மாடி" என்றாள் அண்ணி, எதையாவது பேச வேண்டுமே என்று.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "இரண்டாம் மாடி. எலும்பு, கண், குழந்தைகள். இறங்குறவங்களுக்கு வழி விடுங்க" என்றார். அது வீட்டில் நாங்கள் கேட்டிராத குரல். லிஃப்டுக்குள் மட்டும் இருந்த குரலாக இருக்க வேண்டும்.

அண்ணி சிரித்த சிரிப்பில் தையல்கார அம்மா மேலே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

பூங்காவில் பிளம்பர் அவரைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார். "எங்கய்யா போயிருந்த இத்தன நாளா? பொண்ணு வீட்டுக்கா?"

"வீட்டுலதான் இருந்தேன். பெட்டிக்கே தெரியாம" என்றார் அப்பா.

அன்று சாப்பாட்டின்போது அவரே அக்காவிடம் சொன்னார். அண்ணி சொல்லட்டும் என்று விடவில்லை. அக்கா தட்டில் கையை வைத்தபடி கேட்டாள். "அப்ப ஃபோன்ல தினமும் எங்கிட்ட காத்து நல்லா இருக்குன்னு சொன்னது?"

"ஜன்னல்ல பாத்துச் சொன்னேன்."

அக்கா அண்ணியின் பக்கம் திரும்பினாள். "இவர் இப்படி உக்காந்திருந்தது உனக்கும் தெரியல."

"தெரியலக்கா. அவர் போயிருப்பார்னு நெனச்சேன், போய்ப் பாக்கல. அது என் தப்பு."

"இப்ப அது சரியா சொல்லுமா?"

அண்ணி யோசித்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அண்ணன் அவளுக்குக் கண்ணைக் காட்டினான்.

"தெரியலக்கா" என்றாள். "இன்னைக்கு ஒரு நாள்தான் ஒழுங்கா அளந்திருக்கு. இன்னும் பாக்கணும்."

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். "எல்லாரும் இந்த வீட்டுல எங்கிட்ட சரியா இருக்கு சரியா இருக்குன்னுதான் சொல்வீங்க. அம்மா படுத்தப்பகூட அப்படித்தான் சொன்னீங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அப்பா எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை அவள் தள்ளிப்போட்டாள். லீவு முடியும்வரை தினமும் மாலையில் அப்பாவோடு அவளும் படியிறங்கினாள். இறங்கும்போது திட்டிக்கொண்டே இறங்குவாள், ஏறும்போது மூச்சு வாங்குவதால் திட்ட மாட்டாள். பெட்டிகள் அந்த நேரத்தில் காலி வீட்டைக் கற்றுக்கொண்டன. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பா, கையை ஆட்டாமலே, ஃபோனில் தெரிய ஆரம்பித்தார். கடைசி வாரம் அவர் தனியாக இறங்கினார். அக்கா மாடியிலிருந்து கைப்பிடி வழியாகக் குனிந்து பார்த்தபடி நின்றாள். ஊருக்குத் தனியாகத்தான் போனாள்.

இருட்டு ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. அந்த வாரங்களின் அளவுகள் அண்ணியின் குழு எழுதிய கட்டுரையில் ஏற்கெனவே போயிருந்தன. அவள் அடுத்த நாளே தலைவரிடம் போய், எங்கள் வீட்டுப் பகுதி முழுவதையும் எடுத்துவிடச் சொன்னாள். அது இல்லாமல் கட்டுரை நிற்கவில்லை. வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் அவள் பேசுவதாக இருந்ததும் நின்றுபோனது. "ரெண்டு வரி எழுதிச் சமாளிச்சிருக்கலாம், கேக்கல" என்றார் இருட்டு. அண்ணி வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. இப்போது மறுபடி முதலிலிருந்து அளந்துகொண்டிருக்கிறாள்.

ஊருக்குக் கிளம்பிய அன்று அக்கா, தன் ஃபோனிலும் எல்லாம் தெரியும்படி செய்யச் சொல்லியிருந்தாள். "மாமா சொன்னாதான்" என்று அண்ணி கையைக் கட்டிக்கொண்டாள். பேரம் நடந்தது. குளியலறை கிடையாது, சமையலறை கிடையாது, எப்போது தூங்குகிறார் என்பது கிடையவே கிடையாது. "விழுந்தா தெரியட்டும். அப்புறம், நான் வெளிய போனா தெரியட்டும்" என்றார் அப்பா. ஆகவே அக்காவின் ஃபோனுக்கு மாலையில் ஒரே ஒரு வரி போகும்: வீட்டில் யாரும் இல்லை.

போன வாரம் ஒருநாள் அந்த வரி போகவில்லை. லேபில் அண்ணியின் ஃபோன் அடித்தது.

"ஏன் இன்னும் வீட்டுலயே இருக்கார்?" என்றாள் அக்கா.

"இங்க மழைக்கா."

"குடை இல்லையா அந்த வீட்டுல?"

அண்ணி அப்பாவைக் கூப்பிட்டாள். "கெளம்பிட்டேம்மா, கெளம்பிட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே கிடையாதா" என்று வைத்துவிட்டார். அவள் ஃபோனை மேஜையில் நிமிர்த்தி வைத்து, பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். கூடம், ஒருவர், நடக்கிறார். கூடம், ஒருவர், நிற்கிறார். கதவருகே அந்த நிற்பது கொஞ்சம் நீண்டது. அவள் தட்டச்சை நிறுத்தினாள். பிறகு வரி மாறியது.

இருட்டு, எதையோ கடன் கேட்க வந்தவர், "என்ன, தனியாச் சிரிக்கிற?" என்றார்.

"வீட்டுல யாரும் இல்ல" என்றாள் அண்ணி.